புதிய சபையை எந்த வழியில் தொடங்குவது? நகரத்துக்கும் புறநகருக்கும் ஓர் ஒப்பீடு

"அந்தப் பகுதியில் ஒரு சபை வேண்டும்" என்று மூப்பர்கள் கூடித் தீர்மானம் எழுதுவது கடினமான வேலை அன்று. வரைபடத்தை விரித்து, புதிதாகக் குடியேற்றம் நடந்திருக்கும் தெருக்களைச் சுட்டிக்காட்டி, ஜெபித்து, கையெழுத்திட்டுவிடலாம். யார் போவது, எத்தனை பேர் போவது, எங்கே கூடுவது, முதல் இரண்டு ஆண்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவற்றுக்கு அவசரத்தில் தரப்படும் பதில்களே அந்தச் சபையின் சுபாவத்தைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிடுகின்றன.

சபை நாட்டும் பணியில் ஐந்து வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஓர் ஊழியக் குடும்பம் தனியாகப் போய், மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊரறிய அறிவித்துத் தொடங்குவது முதலாவது. வீட்டுக் கூடுகையாக ஆரம்பித்து மெல்லச் சபையாக வளர்வது இரண்டாவது. தாய்ச் சபை தன் விசுவாசிகளிலிருந்தே ஒரு குழுவைப் பிரித்து அனுப்புவது மூன்றாவது. தலைமைச் சபையின் கிளையாக, அதே போதகர், அதே பெயர், அதே கணக்கின் கீழ் நடத்துவது நான்காவது. மூடப்படும் நிலைக்கு வந்துவிட்ட பழைய ஆலயம் ஒன்றை ஏற்று உயிர்ப்பிப்பது ஐந்தாவது. இவற்றை ஒப்பிடும்போது செலவையும் வேகத்தையுமே பலரும் அளவுகோலாக வைக்கிறார்கள். நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தொடங்கியவர் விடைபெற்றுப் போன மறு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆராதனை நடக்குமா?

இந்தக் கேள்வி பழையது. அப்போஸ்தலர் பவுல் கொரிந்துவில் தங்கியது ஒன்றரை ஆண்டு. எபேசுவில் அவரே சொல்லும் கணக்குப்படி மூன்று ஆண்டு. பிறகு புறப்பட்டுவிட்டார். அவர் போனதும் கொரிந்தியர் "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கட்சி கட்டிச் சண்டையிடுவதற்காவது அங்கே ஒரு சபை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து சர்ச் மிஷனரி சங்கத்தை நடத்திய ஹென்றி வென்னும், அமெரிக்காவில் வெளிநாட்டு மிஷன் பணிகளை நிர்வகித்த ரூஃபஸ் ஆண்டர்சனும் ஒரே காலகட்டத்தில் வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: தன்னைத்தானே ஆளவும், தன் செலவைத் தானே தாங்கவும், தானே பரவவும் தெரிந்தால்தான் அது சபை, அந்த நிலை வந்ததும் மிஷன் அங்கிருந்து விலகிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் முதல் நாளிலிருந்தே எந்த வழி கற்றுக்கொடுக்கிறது, எந்த வழி தள்ளிப்போடுகிறது என்பதே இந்த ஒப்பீட்டின் மையம்.

மண்டபம் எடுத்துத் தொடங்குவது

முதல் வழியை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் புதிய சபைக்குப் பொருளாளராக இருந்ததால் அதன் கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருந்தது. தொடக்க ஆராதனைக்கு 120 நாற்காலிகள் போட்டோம். அத்தனையும் நிரம்பின, பின்னால் சிலர் நின்றார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் எங்களை வாழ்த்த வந்த மற்ற சபையார், நண்பர்கள், பாடகர் குழுவினரின் உறவினர்கள். அடுத்த வாரத்தில் அவர்கள் தத்தம் சபைக்குத் திரும்பிவிட்டார்கள், திரும்பத்தான் வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து போதகரின் மனைவி ஞாயிறுதோறும் எல்லாருக்கும் முன்னே வந்து, கடைசி வரிசையை ஒவ்வொன்றாக மடக்கிப் பின்னறையில் அடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் நான் சீக்கிரம் போய் உதவிக்குக் கை நீட்டியபோது, "சத்தம் வராமல் மடக்குங்க பிரதர், மைக் கட்டுகிற பிள்ளைகள் பார்த்தால் சோர்ந்துபோவார்கள்" என்றார். வந்தவர்கள் 30 பேர். வாடகை 120 பேர் அமரும் மண்டபத்துக்கு.

கணக்குப் புத்தகம் இன்னொன்றையும் சொன்னது. காணிக்கையில் ஏறத்தாழப் பாதி ஒரே குடும்பத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத் தலைவருக்கு வேலை மாற்றலானதும் இரண்டே மாதத்தில் வாடகை பாக்கி விழுந்தது. 14-ஆம் மாதம் மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்தோம். போதகரிடம் விசுவாசக் குறைவு இருந்ததாக யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அவர் அளவுக்கு வீடு வீடாகப் போனவரை நான் பார்த்ததில்லை. தொடங்கிய முறையில்தான் பிழை இருந்தது. முதல் நாளிலேயே முழு வடிவ ஆராதனை ஒன்றை மேடையேற்றிவிட்டோம். அதற்குப் பிரசங்கியும் பாடகரும் ஒலிபெருக்கியும் ஞாயிறு பள்ளி ஆசிரியரும் வாரந்தோறும் தேவை. அவை அனைத்தும் ஒரே குடும்பத்தின் தோளில் விழுந்தன. வந்தவர்களுக்கு நாங்கள் காட்டிய முதல் பாடமே "வந்து உட்காருங்கள்" என்பதுதான். உட்கார மட்டும் பழகியவர்கள் அந்தக் குடும்பம் தளர்ந்தபோது எழுந்து வேலையை ஏற்கவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வாடகை மண்டபம் என்றதும் எபேசுவில் திறன்னு என்பவனின் வித்தியாசாலையைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் வரிசை வேறாக இருப்பது தெரியும். பவுல் முதலில் மூன்று மாதம் ஜெப ஆலயத்தில் பேசினார். எதிர்ப்பு வந்ததும் ஏற்கெனவே நம்பிய சீஷர்களை அழைத்துக்கொண்டு அந்த வித்தியாசாலைக்கு மாறினார். இரண்டு ஆண்டு அங்கே தினமும் சம்பாஷித்தார். ஆள்கள் கையில் இருந்தார்கள், அவர்களுக்கு இடம் தேவைப்பட்டது. சில பழைய கையெழுத்துப் பிரதிகள் அந்தக் கூட்டங்கள் பகல் 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடந்ததாகக் கூடுதலாகக் குறிப்பிடுகின்றன. வெயில் உச்சத்தில் மற்றவர்கள் ஓய்வெடுக்கிற நேரம், வித்தியாசாலை சும்மா கிடக்கிற நேரம். வாடகை பேசத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறிப்பின் அருமை புரியும்.

ஆகவே இந்த வழியை முற்றிலும் தள்ளிவிடச் சொல்லவில்லை. அருகில் தாய்ச் சபை எதுவுமே இல்லாத இடத்தில், போகிற குடும்பம் ஏற்கெனவே அந்தப் பகுதியில் சில ஆண்டு குடியிருந்து அக்கம்பக்கத்தாரோடு பழகியிருந்தால், அது வேறு கதை. அந்தப் பழக்கம் இல்லாமல் வாடகை ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவது எனக்கு ஏற்புடையது அன்று.

வீட்டிலிருந்து தொடங்குவது

வீட்டுக் கூடுகைக்கு வாடகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. பத்துப் பேர் அமரும் அறையில் ஒருவர் ஜெபிக்காமல் ஒளிந்துகொள்ள முடியாது. இந்த ஒரு காரணத்தினாலேயே தலைவர்கள் உருவாகும் வேகத்தில் இது மற்ற நான்கையும் மிஞ்சுகிறது. யூப்ரடீஸ் நதிக்கரையில் தூரா யூரோப்பஸ் என்ற நகரத்தை 1930-களில் அகழ்ந்தபோது கிடைத்த வீட்டுச் சபை இதற்கு நல்ல சாட்சி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கட்டடம் சாதாரண வீடுதான். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து, ஏறத்தாழ 70 பேர் கூடுமளவுக்கு ஒரு கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டி, சுவரில் நல்ல மேய்ப்பனைத் தீட்டியிருக்கிறார்கள். முதலில் குடும்பம், பிறகு கூடுகை, இடம் போதாமல்போன பிறகே சுவர் இடிப்பு.

சிறு குழுக்கள் எதற்காகத் தொடங்கப்பட்டாலும் கடைசியில் மேய்ப்புப் பணியில் வந்து நிற்பதையும் வரலாறு காட்டுகிறது. 1742-இல் பிரிஸ்டலில் ஜான் வெஸ்லியின் சகாக்கள் கட்டடக் கடனை அடைக்க ஒரு வழி தேடினார்கள். 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவாயிற்று. வசூலிக்கப் போனவர்கள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை, யார் வியாதியாய்க் கிடக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் அப்படித்தான் பிறந்தன. சியோலில் 1958-இல் கூடாரத்தில் தொடங்கிய யோய்டோ சபையின் கதையும் இதற்கு நெருக்கமானது. 1964-இல் போதகர் டேவிட் யோங்கி சோ உடல் தளர்ந்து மேடையில் நிற்க முடியாமல்போனபோது, நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து வீட்டுக் குழுக்களைப் பெண்களிடம் ஒப்படைத்தார். பல லட்சம் பேர் கொண்ட சபையாக அது வளர்ந்ததற்கு அந்த ஏற்பாட்டையே அவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.

இத்தனை நன்மைகளையும் எழுதிவிட்டு அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. வீட்டுக் கூடுகை எளிதில் ஒரு குடும்ப விருந்தாகச் சுருங்கிவிடும். மூன்றாம் ஆண்டிலும் அதே பத்துப் பேர், அதே நாற்காலி, அதே பாட்டு. புதிதாக வருகிறவர் அறிமுகமில்லாத ஒருவரின் வீட்டு மணியை அடிக்கத் தயங்குவார். ஆலய வாசலுக்கு அந்தத் தயக்கம் இல்லை. உபதேசத்தில் ஒருவர் வழிதவறினால் தட்டிக்கேட்க அருகில் ஆளில்லை. குடியிருப்புக் கட்டடத்தில் பொது ஆராதனை நடத்த உள்ளாட்சி அனுமதி கேட்கும் இடங்களும் உண்டு. அனுமதி தேவையில்லாத இடத்திலும் ஞாயிறு காலையில் தெரு முழுக்க நிற்கும் வாகனங்கள் அக்கம்பக்கத்தாரின் மனக்கசப்பாக மாறுவதற்கு அதிக நாள் பிடிக்காது. எனவே வீட்டில் தொடங்குகிறவர்கள் இரண்டாவது வீடு எப்போது, யார் வீடு என்பதை முதல் மாதத்திலேயே பேசிவைக்க வேண்டும். பேசாமல் விட்டால் பிறகு அந்தப் பேச்சை எடுப்பவர் பிரிவினைக்காரர்போல் தெரிவார்.

தாய்ச் சபை அனுப்பும் குழு

அந்தியோகியா சபை பர்னபாவையும், பின்னால் பவுல் எனப்பட்ட சவுலையும் அனுப்பியது. தன்னிடமிருந்த ஐந்து தலைவர்களில் இரண்டு பேரை, அதிலும் முன்னணியில் நின்ற இருவரை. அனுப்பும் சபை எதை இழக்கச் சம்மதிக்கிறது என்பதிலேயே இந்த வழியின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் சபை 1985-இல் கென்சிங்டனில் உள்ள பர்னபா ஆலயத்துக்கு ஏறத்தாழ 100 பேரை அனுப்பியதிலிருந்து அங்கே ஒரு பழக்கமே உருவாயிற்று: ஒரு போதகரை மட்டும் அனுப்பாமல், அவரோடு பாடுகிறவர்கள், பிள்ளைகளை நடத்துகிறவர்கள், காணிக்கை கொடுக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்தே அனுப்புவது. 100 பேரை அனுப்பும் சக்தி பெரும்பாலான சபைகளுக்குக் கிடையாது, தேவையும் இல்லை. முழு மனதோடு போகும் 25 முதல் 40 பேர் போதும் என்பதே என் கணிப்பு. அதற்குக் குறைந்தால் தனிக் குடும்பத்தின் சுமை திரும்பி வந்துவிடும். அதற்கு மிகுந்தால் புதியவர்கள் உள்ளே நுழைய இடமில்லாத அளவுக்குப் பழைய நட்புகள் கூடத்தை நிரப்பிவிடும்.

தாய்ச் சபைக்கு முதல் ஆண்டு வலிக்கும். கீபோர்டு வாசிக்க ஆளில்லாத ஞாயிறும், ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் போதாத வகுப்பும், காணிக்கைக் கணக்கில் விழுந்த பள்ளமும் வரும். இதைச் சபையாரிடம் முன்கூட்டியே சொல்லாத மூப்பர்கள் பிறகு விளக்கம் கொடுத்தே களைத்துப்போவார்கள். ஆனால் காலியான இடம் காலியாகவே இருப்பதை நான் அதிகம் கண்டதில்லை. "எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்களே" என்று பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் முன்னே வருகிறார்கள்.

மூன்று எச்சரிக்கைகள் மட்டும் சொல்ல வேண்டும். முதலாவதாக, முணுமுணுக்கும் ஒரு கூட்டத்தைக் கழற்றிவிடுவதற்கு "சபை நாட்டுதல்" என்று பெயர் சூட்டக்கூடாது. பிரிவினைக்கு அபிஷேகம் பண்ணினாலும் அது பிரிவினைதான். இரண்டாவதாக, போகிறவர்கள் அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும், அல்லது ஓர் ஆண்டுக்குள் குடிபோக வேண்டும். ஞாயிறு காலையில் மட்டும் தொலைவிலிருந்து வந்துபோகிற 30 பேர், அந்தத் தெருவாசிகளின் கண்ணில் வாராவாரம் வாகனம் நிறுத்த வருகிறவர்கள், அவ்வளவே. மூன்றாவதாக, உதவித்தொகை எந்த மாதத்தில் பாதியாகும், எந்த மாதத்தில் நிற்கும், போதகரை அழைக்கும் உரிமை எப்போது புதிய சபைக்கு மாறும், திரும்பிவர விரும்பும் குடும்பத்தைத் தாய்ச் சபை ஏற்குமா என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்பு இருக்கும்போதே எழுதிவிட்டால் கசப்பு வரும்போது அந்தத் தாள் உதவும்.

கிளையும் பழைய ஆலயமும்

கிளை முறையின் கவர்ச்சி வெளிப்படையானது. சிறந்த பிரசங்கம் திரையில் வரும், பாடல்கள் தயார், பெயர் ஏற்கெனவே பிரபலம், கணக்கு தலைமை அலுவலகத்தில். தொடங்கிய ஆறே மாதத்தில் கூடம் நிரம்பும். நான் வைத்த அளவுகோலில் மட்டும் இது தடுமாறுகிறது. சியாட்டில் நகரில் 1996-இல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபை பல மாநிலங்களில் 10-க்கும் மேற்பட்ட கிளைகளோடு வளர்ந்திருந்தது. பிரசங்கம் பெரும்பாலும் ஒருவருடையது, காணொளியில் மற்ற இடங்களுக்குப் போகும். அந்த ஒருவரான மார்க் டிரிஸ்கோல், தம் தலைமைப் போக்கு குறித்த குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 2014 அக்டோபரில் விலகினார்; அடுத்த ஆண்டு பிறந்தபோது அந்த அமைப்பே இல்லை. சில கிளைகள் வேறு பெயரில் தனிச் சபைகளாயின, சில மூடிக்கொண்டன. தனித்து நின்றவை எல்லாம் முன்பே நின்றிருக்கக்கூடியவைதானே என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

நியூயார்க்கில் 1989-இல் தொடங்கிய ரிடீமர் பிரெஸ்பிட்டேரியன் சபையும் பல இடங்களில் கூடிய ஒரே சபைதான். ஆனால் போதகர் டிமோதி கெல்லர் 2017-இல் பொறுப்பை விட்டபோது, முன்பே திட்டமிட்டிருந்தபடி அது தனித்தனிப் போதகர்களைக் கொண்ட மூன்று சபைகளாகப் பிரிந்தது. ஆகவே கிளையாகத் தொடங்குவது தவறன்று. கிளையாகவே வைத்திருப்பதுதான் ஆபத்து. மரத்திலிருந்து பதியன் போடுகிறவர் வேர் விட்டதும் தாய்க் கிளையை வெட்டிவிடுகிறார். எந்த ஆண்டில் வெட்டுவது என்ற தேதியோடு தொடங்கும் கிளையை மட்டுமே நான் ஆதரிப்பேன்.

பழைய ஆலயத்தை உயிர்ப்பிப்பது குறைவாகப் பேசப்படும் வழி, நகர மையத்தில் மிகவும் பொருந்தும் வழி. பிரைட்டனில் மூடப்படும் நிலைக்கு வந்திருந்த பேதுரு ஆலயத்தை, லண்டனிலிருந்து போன ஒரு குழு 2009-இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. இன்று அது மற்ற இடங்களுக்கு ஆள் அனுப்பும் சபை. நகர மையத்தில் நிலம் வாங்குவது ஏறத்தாழ நடவாத காரியம் என்பதால், இருக்கும் கட்டடம் ஒன்று கிடைப்பது பெரிய ஆசீர்வாதம். அதோடு ஒழுகும் கூரையும் சொத்து வழக்கும் 12 முதியவர்களும் சேர்ந்தே கிடைப்பார்கள். கூரையைச் சரிசெய்துவிடலாம். அந்த முதியவர்களோ, மற்ற எல்லாரும் போன பிறகும் விளக்கை அணையவிடாமல் காத்தவர்கள். வந்த முதல் மாதமே அவர்களுடைய பாடல் புத்தகத்தை அப்புறப்படுத்துகிறவர் அந்தக் கட்டடத்துக்கு லாயக்கானவர் அல்லர்.

நகரமா, புறநகரா

ஒரே முறையை இரண்டு இடத்திலும் பரீட்சிப்பவர்கள் ஏதாவது ஓரிடத்தில் ஏமாறுவார்கள். நகர மையத்தில் வாழ்கிறவர்களில் கணிசமானோர் தனியாட்கள், மாணவர்கள், வேலைக்காக வந்து இரண்டு மூன்று ஆண்டில் வேறிடம் போகிறவர்கள், வேறு வேறு மொழி பேசுகிறவர்கள். அங்கே சபையின் சிரமம் ஆள்கள் வராமலிருப்பது அன்று, வந்தவர்கள் தங்காமலிருப்பது. சீஷத்துவப் பயிற்சிக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டால், இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கு வகுப்பில் பாதிப் பேர் வேறு ஊரில் இருப்பார்கள். எனவே நகரச் சபை விரைவாகப் பொறுப்பு கொடுக்கவும், போகிறவர்களை ஆசீர்வதித்து அனுப்பவும் பழக வேண்டும். போகிறவரை இழப்பாகவே எண்ணும் போதகர் அங்கே மனம் உடைந்துபோவார். பல தரப்பினரையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியும் உண்டு. சபை வளர்ச்சியை ஆராய்ந்த மிஷனரி டொனால்டு மக்கேவரன், மக்கள் தம்மையொத்தவர்களோடு கூடும்போதே எளிதில் விசுவாசத்துக்கு வருகிறார்கள் என்று வாதிட்டார். அதைச் சுற்றி எழுந்த விவாதம் 1977-இல் அமெரிக்காவின் பாசடேனாவில் தனியாக ஒரு கலந்தாய்வு நடத்தும் அளவுக்குப் போயிற்று. அவர் கண்ட நடைமுறை உண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தியோகியாவின் ஐந்து தலைவர்களை எண்ணிப் பாருங்கள்: சீப்புரு தீவான் பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரான் லூகி, ஏரோதுடன் வளர்க்கப்பட்ட மனாயீன், தர்சுவில் பிறந்த சவுல். கலப்பான நகரத்தில் கலப்பான தலைமையோடு தொடங்கினால்தான் சபை கலக்கும். ஒரே தரப்பினரோடு தொடங்கிவிட்டுப் பிறகு மற்றவர்களை அழைத்தால் அவர்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள்.

புறநகரில் நிலைமை நேர்மாறு. அங்கே வீட்டுக்கடன் கட்டும் குடும்பங்கள், வந்தால் தங்குவார்கள். ஆனால் நேரம் இல்லை. நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பெற்றோர் வார நாளில் எட்டு மணிக்குத்தான் வீடு சேருகிறார்கள். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தை நம்பித் திட்டமிடுகிறவர் காலி அறையில் ஜெபிப்பார். அங்கே பிள்ளைகளே வாசல். பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஒரு குடும்பம் மறுவாரம் வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறது. எனவே புறநகரில் பாடகர் குழுவுக்கு முன் ஞாயிறு பள்ளிக்கு ஆள் தேடுவது புத்திசாலித்தனம். வீட்டுக் கூடுகை அங்கே நன்றாக வேரூன்றும். வாகனம் நிறுத்த இடமும் கூடமும் உள்ள வீடுகள் உண்டு, அக்கம்பக்க அறிமுகத்துக்குப் பிள்ளைகளே பாலம். நகரத்தின் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வீட்டுக் கூடுகை எட்டுப் பேரோடு முட்டி நிற்கும். அங்கே பழைய ஆலயமோ, மற்றொரு சபையின் ஆலயத்தை மாலை நேரத்தில் பகிர்ந்துகொள்வதோ மேல்.

புறநகருக்கு இன்னொரு சோதனை உண்டு: கட்டடம். நிலம் கிடைக்கிறது, குடும்பங்கள் கொடுக்கிறார்கள், கட்டாமலிருக்கக் காரணமில்லை என்று தோன்றும். லாஸ் ஏஞ்சலிஸின் புறநகரான கார்டன் குரோவில் ராபர்ட் ஷுல்லர் 1955-இல் ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்த இடம், மக்கள் காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கு. காரைவிட்டு இறங்காத புறநகர் மக்களைக் காரிலேயே ஆராதிக்கவைத்தார். அந்த யோசனையின் எளிமையை இன்றும் வியக்கிறேன். 1980-இல் அதே சபை முழுக்கக் கண்ணாடியாலான பிரம்மாண்டமான ஆலயத்தைத் திறந்தது. அவர் ஓய்வுபெற்ற பின் தலைமைக் குழப்பமும் கடனும் சேர்ந்து 2010-இல் திவால் மனு போட்டார்கள். கட்டடம் ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு 5.75 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. கண்ணாடி ஆலயம் இன்றும் நிற்கிறது, வேறொரு சபையாருக்கு. தொடங்கி ஐந்து ஆண்டு ஆகாத சபை கட்டட நிதி திரட்டக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதகரின் பிழைப்பு

எந்த வழியானாலும், முதல் போதகர் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்வதா, முழுநேரமா என்ற கேள்வி வந்தே தீரும். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் பண்ணினார்; சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்த பிறகு வசனத்தில் முழுமையாக ஈடுபட்டார்; அந்தச் சகோதரர்கள் தம் குறைவை நிறைவாக்கியதாக அவரே பின்னால் எழுதுகிறார். அதாவது வெளியிலிருந்து உதவி வந்தபோது முழுநேரம், வராதபோது தொழில். இதைக் கொள்கைப் போராட்டமாக்க வேண்டியதில்லை. வேலை பார்க்கும் போதகருக்கு அலுவலகத்தில் இயல்பான அறிமுகங்கள் கிடைக்கும், சபையின் காணிக்கை சம்பளத்துக்குள் முடங்காது. ஆனால் மரண வீடும் மருத்துவமனையும் அலுவலக நேரம் பார்ப்பதில்லை, மூன்றாம் ஆண்டுக்குள் அவர் மனைவி பிள்ளைகளின் முகத்தில் களைப்பு தெரியும். முழுநேரப் போதகருக்கு நேரம் உண்டு. காணிக்கை குறையும் மாதத்தில் பிரசங்கம் பணத்தைச் சுற்றத் தொடங்கும் அபாயமும் உண்டு. இரண்டு பேரை அனுப்பி, இருவரும் பகுதிநேர வேலை பார்க்கும் ஏற்பாடு முடியுமானால் அதையே தேர்ந்தெடுப்பேன். ஒருவர் விலகினாலும் மறு ஞாயிறு ஆராதனை நடக்கும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

புறநகர் என்றால், தாய்ச் சபையிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள், அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர்களாக, இரண்டு அல்லது மூன்று வீடுகளில் ஓர் ஆண்டு கூடட்டும். மாதம் ஒரு முறை மட்டும் எல்லாரும் ஓரிடத்தில் சேரட்டும். வீடுகள் நிரம்பி, அக்கம்பக்கத்தாரில் சிலராவது விசுவாசத்துக்கு வந்த பிறகு பள்ளிக்கூட அரங்கு போன்ற இடத்தை ஞாயிறு காலைக்கு மட்டும் வாடகைக்குப் பேசலாம். 60 நாற்காலி போதும். நகர மையம் என்றால், முதலில் மூடப்படும் நிலையிலுள்ள ஆலயம் ஏதாவது உண்டா என்று மற்றத் திருச்சபைகளின் பொறுப்பாளர்களிடம் கேட்பேன்; இல்லையெனில், தேதி குறித்த கிளையாகத் தொடங்குவேன். தனிக் குடும்பத்தை மண்டபத்தோடு அனுப்பும் வழியை, வேறு எதுவுமே இயலாதபோது மட்டும், 18 மாத வாடகை முன்கூட்டியே கையில் இருந்தால் மட்டும்.

எந்த வழியாயினும், ஒரு மறுபரிசீலனைத் தேதியைத் தொடக்கத்திலேயே தீர்மானத்தில் எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டு இறுதி என்று வைத்துக்கொள்ளலாம். அன்று பார்க்க வேண்டியவை சில: வேறு சபையிலிருந்து வந்தவர்களைக் கழித்தால் எத்தனை பேர், காணிக்கையில் ஒரே குடும்பத்தின் பங்கு எவ்வளவு, போதகர் ஒரு மாதம் ஊரில் இல்லாதபோது பிரசங்கித்தவர் யார், இராப்போஜனத்துக்கு ஏற்பாடு செய்தவர் யார். பதில்கள் மோசமாக இருந்தால் மூடலாம் என்பதையும் அந்தத் தீர்மானமே சொல்ல வேண்டும். மீதிப் பணமும் பொருள்களும் எந்தச் சபைக்கு, விசுவாசிகளை எந்தப் போதகர் ஏற்பார், ஊழியக் குடும்பத்துக்கு எத்தனை மாத உதவி என்பவற்றோடு சேர்த்து. நாங்கள் இதை எழுதிவைக்கவில்லை. மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த 120 நாற்காலிகள் யாருக்கு என்று முடிவெடுக்கவே எங்களுக்கு நான்கு கூட்டங்கள் தேவைப்பட்டன. அந்த நான்கு கூட்டங்களிலும் போதகரின் குடும்பம் அடுத்த மாதம் எங்கே குடியிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.